காபி குடிக்காத சம்பந்தி

எங்கள் சபையில் யாருக்காவது வேதத்தில் சந்தேகம் வந்தால், போதகரிடம் போவதற்கு முன்னால் என்னிடம்தான் வருவார்கள் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். அவர்கள் வந்தது என் காபிக்காக. சந்தேகம் என்பது காபி ஆறுகிற வரைக்கும் பேச ஒரு சாக்கு. இதை ஒத்துக்கொள்ளவே எனக்கு அறுபது வயது தாண்ட வேண்டியிருந்தது.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். வீட்டுக்காரர் காலமாகிவிட்டார். ஒரே மகள், கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ஓய்வு பெற்ற டீச்சருக்குப் பாடம் நடத்த ஆள் கிடைக்காவிட்டால் வாய் அரிக்கும். அந்த அரிப்பைச் சபையின் பெண்கள் சங்கத்தில் தீர்த்துக்கொண்டேன். மாதக் கூட்டத்தில் ‘கள்ளப் போதனைகள்’ என்று தலைப்பு வந்தால் மைக் நேராக என் கைக்கு வரும். எந்தச் சபை எந்த இடத்தில் வழி தவறியது என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பேன். அதில் மார்மன் சபைக்கும் ஓர் இடம் உண்டு. மார்மன் ஒருவரையாவது நேரில் பார்த்திருக்கிறேனா என்றால், இல்லை. அதனால் என்ன? திமிங்கலத்தைப் பார்த்துவிட்டா அதன் வயிற்றுக்குள் போன யோனாவைப் பற்றிப் பேசுகிறோம்?

அப்படி ஊருக்கே உபதேசம் பண்ணிக்கொண்டிருந்த காலத்தில்தான், ஒரு சனிக்கிழமை மகள் வீட்டுக்கு வந்தாள். வந்தவள் பையைக்கூட இறக்கவில்லை.

“அம்மா, எனக்கு ஒருத்தரைப் பிடிச்சிருக்கு.”

மகளுக்கு முப்பது தாண்டிவிட்டது. நான் பார்த்த வரன் எல்லாவற்றையும் தட்டிக் கழித்தவள். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. ஆனாலும் உடனே பல்லைக் காட்டினால் தாய்க்கு மரியாதை இல்லையே.

“எந்த ஊரு?”

“இந்தா இருக்க ராஜபாளையம்.”

“வேதக்காரவியதானா?”

“ஆமா.”

“எந்தச் சபை?”

அவள் அடுப்படிக்குள் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து சொன்னாள். “மார்மன்.”

நான் தம்ளரைக் கீழே வைத்தேன். பாதிக் காபியில் தம்ளரைக் கீழே வைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

“மார்மனா? அவன் கிறிஸ்தவனே இல்லட்டி!”

“அவரைக் கேட்டா, நாங்களும் இயேசுவைத்தான் கும்பிடுதோம்னு சொல்லுவாரு.”

“அது எல்லாவனும் சொல்லுவான். அவியளுக்கு பைபிள் பத்தாம இன்னொரு வேதம் இருக்கு, தெரியுமா? பிதா, குமாரன், ஆவி மூணு பேரும் தனித்தனி ஆளுன்னு சொல்லுதாவ, தெரியுமா? பிதாவுக்கு நம்மள மாதிரி ஒடம்பு இருக்குன்னு சொல்லுதாவ, தெரியுமா?”

“தெரியும்மா. அவரே எல்லாத்தையும் சொல்லிட்டாரு. நான் சபை மாறப் போறதில்லைன்னு நானும் சொல்லிட்டேன்.”

அதற்குப் பிறகு அவள் சொன்னதுதான் என்னைப் படுக்கவைத்துவிட்டது. “நீ சம்மதிக்கலைன்னா நான் அவரைக் கட்ட மாட்டேன். ஓடிப் போற ஆளு நான் இல்ல. ஆனா வேற யாரையும் கட்டவும் மாட்டேன். நீயே யோசிச்சுச் சொல்லு.”

ஓடிப் போனாலாவது வசதி. நாலு நாள் திட்டித் தீர்த்துவிட்டு, பேரப்பிள்ளை பிறந்ததும் வெள்ளிக் கொலுசோடு போய் நின்றுவிடலாம். எங்கள் தெருவில் பாதி வீட்டில் அப்படித்தான் நடந்திருக்கிறது. இவளோ என் பிடிவாதத்தை அப்படியே என்னிடமிருந்து வாங்கி, என் தலையிலேயே கட்டிவிட்டாள். நான் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் என் பிள்ளை காலம் முழுக்கத் தனியாக நிற்பாள். நல்ல வளர்ப்பு, போங்கள்.

மின்சார வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்ற என் அண்ணனுக்குப் போன் போட்டேன். தாய்மாமன் இல்லாமல் எங்கள் வீட்டில் ஒரு பேச்சு நடக்காது. அவர் முதலில் கேட்டது சாதியை. நம்ம ஆட்கள்தான் என்று தெரிந்ததும் பெருமூச்சு விட்டார். பரலோகத்துக்குப் போகிற வழியைப் பற்றிய கவலை அதற்கு அப்புறம்தான் வந்தது. இதைச் சொல்லிச் சிரிக்கிற யோக்கியதை எனக்குக் கிடையாது. மகளிடம் சபையைக் கேட்ட அன்று ராத்திரியே அதையும் நைசாகக் கேட்டு வைத்திருந்தேன்.

“ஏட்டி, அவிய பல பொண்டாட்டி கட்டுத ஆளுகல்லா?”

“அது அந்தக் காலத்துல, அமெரிக்காவுல. விட்டு நூறு வருசத்துக்கு மேல ஆச்சு அண்ணே. இப்ப எவனாவது ரெண்டாவது கட்டினா சபையை விட்டே வெளிய தள்ளிருவாவ.”

“நீ யாரு பக்கம் பேசுத?”

அதுதான் எனக்கும் தெரியவில்லை. தப்பான தகவலைத் திருத்தாமல் விட டீச்சர் நாக்குக்கு வராது.

மறுநாளிலிருந்து மத்தியானம் எல்லாம் செல்போனும் கையுமாக உட்கார்ந்தேன். மார்மன் என்று தட்டினால் வீடியோ கொட்டுகிறது. பாதி அவர்களை ஏசுகிற வீடியோ, பாதி அவர்களே பளிச்சென்று சிரிக்கிற வீடியோ. நான் ஏசுகிறதை மட்டும் பார்த்தேன். வாலிபர்கள் இரண்டு வருஷம் வீட்டை விட்டுப்போய் ஊழியம் செய்கிறார்கள். அந்தப் பத்தொன்பது வயசுப் பயல்களுக்கு மூப்பர் என்று பெயர். எங்கள் சபையில் மூப்பர் ஆக வேண்டுமென்றால் முதலில் தலையில் முடி கொட்ட வேண்டும். சம்பளம் வாங்குகிற போதகர் கிடையாது. கோபுரத்தில் சிலுவை கிடையாது. மனுஷர் எல்லாரும் பிறக்கிறதுக்கு முன்னாலேயே தேவனிடத்தில் ஆவியாக இருந்தார்களாம். ஞானஸ்நானம் பெறாமல் செத்தவருக்காக, உயிரோடு இருக்கிறவர் ஆலயத்தில் தண்ணீரில் முங்குவாராம். செத்தவர் அங்கே இருந்துகொண்டு ஏற்கலாம், மறுக்கலாம். இதை அண்ணனிடம் சொன்னபோது, “செத்த பொறவும் விட மாட்டானா?” என்றார்.

இன்னொன்று. அவர்கள் ஆலயத்தில் கல்யாணம் நடந்தால் அது நித்தியத்துக்குமாம். சாவு வந்தாலும் புருஷன் பெண்டாட்டிதானாம். இதைக் கேட்டுச் சிரித்தேன். சாகிற வரைக்கும் சகித்துக்கொள்வதே பெரும்பாடு, அதற்கப்புறமுமா என்று செல்போனைப் பார்த்தே கேட்டேன். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. எங்கள் கல்யாணத்தில் மரணம் பிரிக்கும் வரைக்கும் என்றுதான் உறுதி சொன்னோம். மரணமும் சொன்ன சொல் தவறாமல் வந்து பிரித்தது. ஆஸ்பத்திரியில் அவர் என்னிடம் கடைசியாகக் கேட்டது காபி. “ஒரு வாய் மட்டும் குடுட்டி” என்றார். டாக்டர் கூடாது என்று சொல்லியிருந்தார். “நாளைக்குப் பாப்போம்” என்றேன். அந்த நாளை வரவில்லை. செல்போனை அணைத்துவிட்டுப் போய்க் காபி போட்டேன். சந்தோஷமோ துக்கமோ, எனக்குக் கைவசம் இருந்த மருந்து அது ஒன்றுதான்.

அதனால்தான் அவர்கள் சபையின் அந்த ஒரு சட்டம் எனக்குப் பொறுக்கவே இல்லை. சாராயம், புகையிலை கூடாது என்பது சரி. டீயும் காபியும் கூடாதாம்! மூன்று ஆளும் ஒரு ஆளா, மூன்று ஆளும் மூன்று ஆளா என்பதைக்கூடப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். காபி குடிக்காத குடும்பத்தோடு எப்படிச் சம்பந்தம் பண்ணுவது? வீட்டுக்கு வந்தால் கையில் எதைக் கொடுப்பது? வாய்க்கும் பேச்சுக்கும் நடுவில் எதை வைப்பது?

காபித்தூள் தீர்ந்துபோய்க் கடைவீதிக்குப் போனேன். வாடிக்கையாகத் தூள் அரைத்துத் தருகிற பாய் என் வகுப்பில் படித்த பிள்ளையின் தகப்பனார். நான் கேட்காமலே காது கொடுக்கிறவர். எல்லாவற்றையும் கொட்டினேன்.

“சாராயம் தொட மாட்டாவளா டீச்சர்?”

“மாட்டாவ.”

“வேற?”

“மாசா மாசம் மொத ஞாயித்துக்கெழமை நோன்பு இருப்பாவளாம். தண்ணிகூடக் குடிக்க மாட்டாவளாம்.”

பாய்க்கு முகம் மலர்ந்துவிட்டது. “பையன் நல்ல பையனாத்தான் தெரியுதான் டீச்சர்.”

“அதில்ல பாய். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூணும் ஒண்ணுன்னு நாங்க சொல்லுதோம். மூணு பேரும் தனித்தனின்னு அவிய சொல்லுதாவ. எம்புட்டுப் பெரிய வித்தியாசம்!”

பாய் கொஞ்சநேரம் தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மரியாதை குறையாமல் கேட்டார். “சிக்கரி எம்புட்டு போடட்டும் டீச்சர்?”

விஷயம் எப்படியோ பெண்கள் சங்கத்துக்குப் போய்விட்டது. ஒவ்வொருத்தியாக வந்து காபி குடித்துவிட்டு என்னை எச்சரித்தார்கள். நான் கூட்டத்தில் பேசினதையே எனக்குத் திருப்பிச் சொன்னார்கள். அடேயப்பா, இம்புட்டுக் கடுமையாகவா பேசியிருக்கிறேன் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. போதகர் மட்டும், அந்தச் சபை ஞானஸ்நானத்தை நாம் ஏற்கிறதில்லை, ஆலயத்தில் வைத்துத் தாலி கட்டிவைக்க என்னால் முடியாது, மண்டபத்தில் வைத்தால் சாப்பிட வருவேன் என்றார். நல்ல மனுஷன்.

கடைசியில் அண்ணன்தான் சொன்னார். “ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போகட்டும். ஆளைக்கூடப் பாக்காமலே வேண்டாம்னு சொன்னா அந்தப் பிள்ளை நம்மள மன்னிக்காது.” நாளும் அவரே குறித்தார். மாதத்தின் முதல் ஞாயிறு. எங்கள் சபையில் அன்றைக்குத் திருவிருந்து ஆராதனை, நல்ல நாள் என்றார். நானும் தலையாட்டினேன். ஆமாம், நான்தான் தலையாட்டினேன். கடைவீதியில் நின்று பாய்க்கு மார்மன் உபவாசத்தைப் பற்றிப் பாடம் எடுத்த அதே நான்.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சம்பந்தம் பேச வந்த இடத்தில் கை நனைத்தால், அதாவது ஏதாவது வாங்கிச் சாப்பிட்டால், எங்களுக்குச் சம்மதம் என்று அர்த்தம். பிடிக்கவில்லை என்றால் வாயால் சொல்ல மாட்டார்கள். சும்மா எழுந்து போய்விடுவார்கள். பெண் வீட்டாருக்கும் இதே சட்டம்தான். மாப்பிள்ளை வீட்டில் பெண்ணைப் பெற்றவள் கை நனைத்துவிட்டாள் என்றால் அப்புறம் பேச்சே கிடையாது.

மகள் சொன்னபடி அவர்களுக்கு ஏலக்காய்ப் பால் காய்ச்சினேன். உளுந்த வடை, கேசரி, கடையில் இருந்து பால்கோவா. அடுப்பில் பிரியாணி தம்மில் இருந்தது. பேச்சு நல்லபடியாக முடிந்தால் திறக்க, இல்லாவிட்டால் அண்ணனுக்கு. எங்களுக்கு என்று சொல்லிக் காபியும் போட்டேன். வாசனையை வீடு முழுக்க விட்டு, பையன் மூக்கு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்கிற திட்டம். இந்த வயசில் இந்தப் புத்தி.

ஆராதனை முடிந்து நாங்கள் வந்த கொஞ்ச நேரத்தில் அவர்கள் வந்தார்கள். பையனும் அவன் அம்மாவும் மட்டும். பையன் வெள்ளைச் சட்டையும் டையும் கட்டி இன்டர்வியூவுக்கு வந்தவன் மாதிரி இருந்தான். கழுத்தில் சிலுவை இல்லை என்பதை முதல் பார்வையிலேயே குறித்துக்கொண்டேன். அந்த அம்மாவுக்கும் வீட்டுக்காரர் இல்லை. அவர் கோயம்புத்தூர் மில்லில் வேலை பார்த்தபோது குடும்பத்தோடு அந்தச் சபையில் சேர்ந்தவராம். அவர் போன பிறகு இந்த அம்மா சொந்த ஊரான ராஜபாளையத்துக்கே வந்துவிட்டார். தலைக்கு நன்றாக எண்ணெய் வைத்து, முகத்தைப் பளிச்சென்று கழுவியிருந்தார். பெண் பார்க்க வருகிறவர் இப்படியா எண்ணெய் வடிய வருவது என்று மனசுக்குள் நினைத்தேன்.

“பால்கோவா எடுத்துக்கோங்க மதினி.”

“இருக்கட்டும் மதினி, வேண்டாம்.”

ஊரூராக வாங்கிக்கொண்டு போகிற பண்டத்தை எங்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து வேண்டாம் என்று சொன்ன முதல் ஆள் அவர்தான்.

“தம்பி, நீங்களாவது வடை?” அவனை வேண்டுமென்றேதான் தம்பி என்று கூப்பிட்டேன். அதற்கு மேல் ஒரு படி ஏற்றிவிடக் கூடாது என்று கவனமாக இருந்தேன்.

“பரவாயில்லீங்க அத்தை.” அவனோ முதல் வார்த்தையிலேயே அத்தை என்று சொல்லிவிட்டான்.

“பால்?”

அவன் அம்மாவைப் பார்த்தான். “வேண்டாங்க அத்தை.”

“ஒரு வாய் தண்ணியாவது குடிங்க.”

“இப்ப வேண்டாம் மதினி.”

அண்ணன் மீசையைத் தடவ ஆரம்பித்தார். அது கெட்ட சகுனம். கொஞ்சம் ஊர்க்கதை, கொஞ்சம் வேலை, சம்பளம். காபி வாசனை யாரையும் அசைக்கவில்லை. பேசப் பேச என் வாய்தான் உலர்ந்தது. அவர்கள் முன்னால் குடிக்கவும் கூச்சமாக இருந்தது. கிளம்பும்போது, சாப்பிட்டுவிட்டுப் போகலாமே என்று ஒப்புக்குச் சொன்னேன்.

“இன்னொரு நாள் வந்து வயிறாரச் சாப்பிடுதோம் மதினி.”

எங்கள் ஊரில் இன்னொரு நாள் என்றால் எந்த நாளும் இல்லை என்று அர்த்தம்.

கார் தெரு முனை திரும்பவும் அண்ணன் வெடித்தார். “ஏட்டி, பச்சத் தண்ணிகூடப் பல்லுல படாமப் போறாவ பாத்தியா? பொண்ணு வேண்டாம்னு சொல்லாமச் சொல்லிட்டுப் போறாவ. இல்ல, நம்ம வீட்டுத் தண்ணி அவிய வாய்க்கு ஆகாதோ? அம்புட்டுச் சுத்தமோ?”

நானும் சேர்ந்து கொதித்தேன். ஆனால் உள்ளே எனக்கு நிம்மதியாக இருந்தது. நான் சொல்லத் தயங்கிய ‘வேண்டாம்’ என்பதை அவர்களே சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். பழி என் மேல் இல்லை. அப்பாடா என்று திரும்பினால், அடுப்படி வாசலில் மகள் நின்றுகொண்டிருந்தாள். ஆசையாகக் கட்டிய பட்டுச்சேலையோடு, கையில் வடைத் தட்டை வைத்துக்கொண்டு. அந்த முகத்தைப் பார்த்ததும் என் நிம்மதியை எங்கே ஒளித்துவைப்பது என்று தெரியவில்லை.

அவள் போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். சண்டை போடுகிற சத்தம் கேட்டது. பிறகு சத்தம் நின்றது. திரும்பி வந்தவள் அழுதிருந்தாள்.

“இன்னைக்கு மொத ஞாயிறாம்மா. அவிய நேத்துச் சாயங்காலத்துல இருந்து உபவாசமாம். வெளிய சொல்லி விளம்பரம் பண்ணக் கூடாதுன்னு அவுக அம்மா சொல்லிட்டாகளாம். நாம குறிச்ச நாளை மாத்தச் சொன்னா மரியாதைக் கொறைச்சலா நெனைப்போம்னு கெளம்பி வந்துட்டாகளாம். சாப்பிடலைன்னா இப்படி ஒரு அர்த்தம் வரும்னு அவருக்குத் தெரியலை. அவுக அம்மாவுக்கும் கார்ல ஏறின பொறவுதான் உறைச்சிருக்கு.”

எனக்குப் பாய்க்கடைத் தராசு கண்முன்னால் ஆடியது. எனக்குத் தெரியும்! அது எனக்குத் தெரியும்! குற்றம் கண்டுபிடிக்க உதவாத எதையும் நான் மனசில் தங்கவிடவில்லை, அவ்வளவுதான். உபவாசம் இருக்கிறவர்கள் தலைக்கு எண்ணெய் வைத்து, முகம் கழுவி, பட்டினி வெளியே தெரியாமல் நடந்துகொள்ள வேண்டும் என்று எங்கள் வேதத்திலேயே இருக்கிறது. அதைப் பெண்கள் சங்கத்தில் அழகாக விளக்கிப் பேசிக் கைதட்டு வாங்கினவள் நான். அதை அப்படியே செய்துகொண்டு ஒரு பெண்மணி என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தபோது, எண்ணெய் ஜாஸ்தி என்று நினைத்தேன்.

“எதுக்காம் உபவாசம்?” என்றேன்.

மகள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “எதாவது ஒண்ணை நெனைச்சுத்தான் இருப்பாகளாம். இந்தத் தடவை உன்னை நெனைச்சு. உன் மனசு சம்மதிக்கணும்னு.”

எனக்கு முதலில் வந்தது கோபம். என்னை நினைத்து யார் இவர்களைப் பட்டினி கிடக்கச் சொன்னது? கோபம் ஆறியதும் வெட்கம் பிடுங்கியது. நானும் ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலத்தில் உபவாசம் இருக்கிறவள்தான். காபி கணக்கில் சேராது என்று நானே ஒரு சட்டம் போட்டு, மற்ற நாளைவிட இரண்டு தம்ளர் கூடக் குடித்துக்கொண்டு. அதையும் போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டு.

பிரியாணியை டிபன் கேரியரில் அடைத்தேன். அண்ணன் வழியை மறித்தார். “பொண்ணைப் பெத்தவ தேடிப் போறதா? மானம் போயிரும்ட்டி.”

“போனா போகட்டும் அண்ணே. அதைச் சுமக்க எனக்கு இப்ப கையில எடம் இல்ல.”

மகளைக் கூப்பிட்டேன். அவள் வரவில்லை. நீ போய்ப் பார்த்துவிட்டு, உன் மனசு என்ன சொல்லுதோ அதைச் சொல்லு, எனக்காகச் சொல்லாதே என்றாள். அப்படியே என் பிடிவாதம்.

சாயங்காலக் காபியைக் குடிக்காமல் பஸ் ஏறினேன். தியாகம் என்று நினைத்துவிடாதீர்கள். பதற்றத்தில் மறந்துவிட்டது. வலதுபக்கம் மலை கூடவே வந்தது, தலைவலியும் கூடவே வந்தது. ராஜபாளையத்தில் இறங்கும்போது நெற்றிப்பொட்டு தெறித்தது. ஸ்டாண்டில் டீக்கடையைக் கண்டதும் கால் தானாக நின்றது. என் பெயரைச் சொல்லி அங்கே இரண்டு பேர் பட்டினி கிடக்கிறார்கள் என்ற நினைப்பு வந்து, சீ என்று என்னை நானே வைதுகொண்டு ஆட்டோ பிடித்தேன்.

அங்கே ஒரு நூல் மில்லுக்குப் பின்னால் சின்ன வீடு. கதவைத் திறந்த அந்த அம்மா என்னையும் டிபன் கேரியரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டார். “தப்புப் பண்ணிட்டோம் மதினி. வயசாகி என்ன பிரயோசனம், வழக்கம் மறந்துபோச்சு.”

“தப்பு எம்மேலதான் மதினி. படிச்ச முட்டாள் நான்.”

சுவரில் அவர்கள் ஆலயத்துப் படம் ஒன்று இருந்தது. பக்கத்தில் குடும்பப் படம். அவர் வீட்டுக்காரர் அதில் எல்லாரோடும் சாதாரணமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். படத்துக்கு மாலை இல்லை, சீரியல் பல்பு இல்லை. என் வீட்டில் என் வீட்டுக்காரர் படத்துக்கு இரண்டும் உண்டு.

பையன் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு எதிரில் உட்கார்ந்தான். நான் சுற்றி வளைக்கவில்லை.

“தம்பி, ஒண்ணு கேக்கேன், ஒளிக்காமச் சொல்லணும். எம்மவளுக்கு உங்க ஆலயத்துல வச்சுக் கல்யாணம் நடந்தா, நான் உள்ள வர முடியுமா?”

“முடியாதுங்க அத்தை. சபையில இருக்கறவங்க மட்டுந்தான் உள்ள போகலாம்.” அவன் கண்ணைத் தாழ்த்தவில்லை. “அவ சபையில சேந்தாத்தான் அது. சேரலைன்னு சொல்லிட்டா. நான் வற்புறுத்த மாட்டேன். கல்யாணம் மண்டபத்துலதான், நீங்க முன்னால நிப்பீங்க. ஆனா பின்னாடி என்னைக்காவது அவளா சேந்தா, அந்த ஒரு சடங்குக்கு நீங்க வெளியதாங்க நிக்கணும். அதை நான் மறைக்க மாட்டேன்.”

சுருக்கென்றுதான் இருந்தது. பெற்றவளை வெளியே நிறுத்துகிற ஆலயம் என்ன ஆலயம் என்று வாய்வரைக்கும் வந்தது. ஆனால் அவன் ஒரு பொய் சொல்லி என்னைச் சந்தோஷப்படுத்தியிருக்கலாம். சொல்லியிருந்தால் அப்போதே எழுந்து வந்திருப்பேன்.

“அவ சேராட்டி? உங்க கணக்குப்படி செத்த பொறவு ரெண்டு பேரும் புருசன் பொண்டாட்டி இல்லைல்லா?”

“எங்க சபை அப்படித்தாங்க சொல்லுது. நான் அவளைத்தான் கட்டிக்கறதுன்னு இருக்கேன். மிச்சத்தைக் கடவுள்கிட்ட விட்டுட்டேன்.” கொஞ்சம் நிறுத்தி, “இன்னொண்ணுங்க அத்தை, மார்மன்ங்கறது வெளிய இருக்கறவங்க வச்ச பேரு. எங்க சபைப் பேருலயே இயேசு கிறிஸ்து இருக்காரு” என்றான். அது என் பாடத்தில் எங்கேயும் வரவில்லை.

வெளிச்சம் மங்க ஆரம்பித்தது. உபவாசம் முடிக்கிற நேரம். அந்த அம்மா என் பிரியாணியையும் அவர் வைத்திருந்த சாம்பார் சாதத்தையும் எடுத்துவைத்தார். முன்னால் ஜெபம். நாங்கள் கைகூப்புவோம், அவர்கள் கைகளைக் கட்டிக்கொண்டு தலையைக் குனிகிறார்கள், ஹெட்மாஸ்டர் முன்னால் நிற்கிற பிள்ளைகள் மாதிரி. அந்த அம்மா ஜெபம் பண்ண, நான் ஒரு கண்ணை மட்டும் மூடினேன்.

“பரலோகத்துல இருக்க எங்க தகப்பனே, மதினியை எங்க வீட்டுக்குக் கூட்டியாந்ததுக்கு நன்றி. அவிய மனசு நோகும்படி நடந்துட்டோம், மன்னியும். பிள்ளைக விசயத்துல அவியளுக்கு எது சமாதானமோ அதைக் குடும். அங்க எங்க வீட்டுக்காரரும் மதினி வீட்டுக்காரரும் இந்நேரம் ஒருத்தரை ஒருத்தர் கண்டுபிடிச்சுப் பேசிக்கிட்டு இருப்பாவ. அவியளுக்கும் இதைத் தெரியப்படுத்தும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில், ஆமென்.”

பக்கத்து ஊருக்கு வேலையாகப் போயிருக்கிறவரைச் சொல்வது போலச் சொன்னார். என் மறு கண்ணும் எப்போது மூடியது என்று தெரியவில்லை. வாரா வாரம் மரித்தோர் உயிர்த்தெழுதலை நம்புகிறேன் என்று கோவிலில் உரக்கச் சொல்கிறவள் நான். என் வீட்டுக்காரர் இப்போது ஓர் இடத்தில் இருக்கிறார், யாரோடோ பேசுகிறார் என்று ஒரு நாளாவது நினைத்தேனா? செத்தவர்களின் நிலை பற்றி என்னிடம் அரைமணி நேரப் பாடம் தயாராக இருந்தது. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“மதினி, அங்க காபி கிடைக்குமா?”

பையன் நிமிர்ந்து பார்த்தான். அந்த அம்மா சிரிக்கவில்லை. ஏன் என்று கேட்டார். ஆஸ்பத்திரிக் கதையைச் சொன்னேன். ஒரு வாய் கேட்டார், நாளைக்குப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டேன் என்று சொல்லும்போது எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. என் பெற்ற பிள்ளையிடம்கூட அதைச் சொன்னதில்லை.

அந்த அம்மா உண்மையாகவே யோசித்தார். “சபையில இதைப் பத்தி யாரும் சொன்னதில்ல மதினி. ஆனா எங்க வீட்டுக்காரரு சபையில சேருததுக்கு முந்தி காபிக்கு உசுர விடுத ஆளு. எந்தத் தெருவுல எந்தக் கடையில நல்லா இருக்கும்னு அவருக்குத்தான் தெரியும். அங்க ஒரு எடத்துல கிடைச்சாலும் இந்நேரம் கூட்டிக்கிட்டுப் போயிருப்பாரு. அவரு குடிக்காட்டியும் பக்கத்துல உக்காந்திருப்பாரு.”

நான் அழுதுகொண்டே சிரித்தேன். அந்த அம்மா செம்பை எடுத்தார். நான் கையை நீட்டினேன். தண்ணீர் ஊற்றினார். அந்த வீட்டுச் சாதத்தைப் பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டேன். அவர்கள் இரண்டு பேரும் தட்டில் கைவைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“மாப்பிள்ளை” என்றேன். அந்தப் பையன், வேறு யாரோ வந்திருக்கிறார்கள் என்று வாசலைத் திரும்பிப் பார்த்தான்.

“உங்களைத்தான். எம்மவ சாப்பிடாம இருப்பா. போனைப் போட்டு, அம்மா கை நனைச்சாச்சுன்னு சொல்லுங்க.”